‘ரெண்டுல போடவா’ என்று கேட்டவன்

போன வாரம் நம் மெக்கானிக் சங்கத்துச் செல்போன் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: “அண்ணே, ஆட்டோமேட்டிக் வண்டி மலை இறங்கும்போது தானா ஒரு கியரைக் கொறச்சுக்குது. இன்ஜின் கெடந்து கத்துது. அதை எடுத்துவிட்டா மைலேஜ் கூடுமா?” கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். ஒருவன், “பண்ணலாம், எங்கிட்ட ஃபைல் இருக்கு, ஆள் அனுப்பு” என்று எழுதியிருந்தான். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத் தலைவர் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். இதோ எழுதுகிறேன். நான் எத்தனை கியர்பாக்ஸ் பிரித்தேன், எந்தெந்த ஊரிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள் என்ற பெருமையெல்லாம் இதில் இருக்காது. அதற்கு டீக்கடைக்குப் போங்கள், அளப்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இது, ஒரு நல்ல டிரைவரின் பெயரையும் பிழைப்பையும் நான் கெடுத்த கதை. அவன் பெயர் காசிம்.

காசிம் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். நம் பக்கத்தில் அது வழக்கம்தான். பதினெட்டு வருஷம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவன். நம் ஊர் டிரைவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, உங்களுக்கே தெரியும். மலை உச்சியில், போடிமெட்டில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, அடிவாரத்து முந்தல் வரைக்கும் உருட்டிக்கொண்டே வருவார்கள். “மேலேருந்து சொட்டு டீசல் செலவில்லாம வந்தேன்ல” என்று ஸ்டாண்டில் நின்று பீற்றிக்கொள்வார்கள். காசிம் ஒரு நாளும் அப்படி உருட்டியதில்லை. ரெண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் முனகிக்கொண்டே வர, பதினேழு வளைவையும் பொறுமையாக இறங்குவான். பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடித்து மாய்வார்கள். ‘கட்டவண்டி காசிம்’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். முந்தலில் இறங்கி, புறங்கையைச் சக்கரத்துப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பான். அந்தப் பழக்கத்தைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

அவன் பொறுமையைப் பார்த்துத்தான் ஒரு தோட்டத்து முதலாளி அவனைத் தன் சொந்த வண்டிக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவர் ஒரு பெரிய ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி வாங்கினார். வாங்கிய மாதத்திலேயே என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“வண்டி வாங்குனேனா, யானை வாங்குனேனான்னு தெரியலப்பா. இந்தக் குடி குடிக்குது. ஏதாச்சும் பண்ண முடியுமா?”

அப்போது நம் ஊர்ப் பட்டறைகளில் ஆட்டோமேட்டிக் என்றாலே கும்பிடு போட்டு மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொண்டு, கியரை ஆட்டுவிக்கும் வண்டிக் கம்ப்யூட்டரை மாற்றி எழுத லேப்டாப்பும் கேபிளுமாகத் திரும்பி வந்திருந்தேன். ராசிங்காபுரத்தில் டிராக்டருக்குக் கிரீஸ் அடித்தவன் கையில் கம்ப்யூட்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. “குடுத்துட்டுப் போங்க முதலாளி, பாத்துக்கிறேன்” என்றேன்.

செய்த வேலையில் முதல் பாதி சரியான வேலை, அதை இப்போதும் சொல்வேன். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் சுழன்று இழுவையைக் கடத்துகிறது. எண்ணெய் கொஞ்சம் வழுக்கும், வழுக்குகிற அளவுக்கு டீசல் வீண். வேகம் பிடித்ததும் இரண்டையும் ஒன்றாக இறுக்கிப் பூட்டிக்கொள்ள உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பூட்டு இன்னும் சீக்கிரமே விழும்படி மாற்றினேன். மேல் கியருக்கும் சீக்கிரம் போகும்படி செய்தேன். தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. அத்தோடு கையைக் கழுவியிருக்க வேண்டும்.

எனக்கு அது போதவில்லை. மலைக்கும் ஒரு தடவை ஓட்டிப் போனேன். இறங்கும்போது, நான் லிவரைத் தொடாமலே, வண்டி தானாக ஒரு கியர் குறைத்து இழுத்துப் பிடித்தது. இன்ஜின் கத்தியது. கார்பரேட்டர் காலத்தில் வளர்ந்த காது என்னுடையது. இன்ஜின் கத்தினால் பெட்ரோலோ டீசலோ குடிக்கிறது என்று அர்த்தம், அதுதான் எனக்குத் தெரிந்த வேதம். நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடிக்கிற ஊரில் பிறந்துவிட்டு, இறக்கத்தில் ஒரு வண்டி கத்திக்கொண்டு இறங்குவதை எப்படிச் சகித்துக்கொள்வது? பட்டறைக்கு வந்தேன். இறக்கத்தில் கியர் குறைக்கும் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். கேட்டறிய ஆளில்லாமல் இல்லை, கோயம்புத்தூருக்குப் போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்டால் கௌரவம் குறையும் என்று நினைத்தேன். மண்டைக்கனம் என்பது இதுதான், வேறொன்றும் இல்லை.

போடியில் டேங்க்கை நிரப்பி, தோட்டத்துக்கு ஏறி இறங்கி, அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பார்ப்பது நம் ஆட்களின் கணக்கு. பார்த்தார்கள். லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. முதலாளி ஏலக்காய் ஏலம் விடும் மையத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். அடுத்த மாதமே என் பட்டறை வாசலில் நாலு ஆட்டோமேட்டிக் நின்றது.

காசிம் ஒரு காலை நேரத்தில் தனியாக வந்தான்.

“மாமா, வண்டி முன்ன மாதிரி இல்ல. எறக்கத்துல புடிக்க மாட்டேங்குது.”

“பிரேக்கா?”

“பிரேக் நல்லாத்தான் இருக்கு. முன்னெல்லாம் அதுவா ஒரு கியர் கொறச்சு இழுத்துப் புடிக்கும். இப்ப அவுத்துவிட்ட மாதிரி ஓடுது. முந்தல்ல எறங்கிச் சக்கரத்துல கை வெக்க முடியல மாமா, கொதிக்குது.”

“நீ ஜீப்பு ஓட்டுன ஆளு மாப்ளே. கால் பழகலை உனக்கு. போகப் போகச் சரியாயிரும்.”

அவன் போகவில்லை. வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நின்றான்.

“அப்ப ஒண்ணு பண்ணட்டுமா. போடிமெட்டு தாண்டுனதும் லிவரை நானே ரெண்டுல போடவா?”

தம்பிகளா, நான் தொழில் செய்த இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அதைத் தொட்டுக்கிட்டு இருக்காத. ரெண்டுல போட்டீன்னா நான் பாத்த சோலியெல்லாம் வீணாப்போகும். மைலேஜ் கொறஞ்சா முதலாளி என்னையத்தான் வந்து கேப்பாரு. டிரைவ்ல போட்டபடியே விடு.”

“சரி மாமா. நீங்க சொன்னாச் சரி.”

நான் சொன்னதால் விட்டான். அந்த வார்த்தையின் கனம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்து வெரசாப் போகச் சொல்லியிருக்கிறார். பின்னால் ஏலக்காய் மூட்டைகள் வேறு. பாதி வளைவு இறங்குவதற்குள் கருகல் வாடை வந்திருக்கிறது. அடுத்த வளைவில் பெடல் மெத்தென்று இறங்கியிருக்கிறது. அதற்கடுத்து பெடல் தரை தட்டிவிட்டது. பிரேக் ஆயில் கொதித்துப்போனால் அப்படித்தான் ஆகும். காசிம் அப்போதுதான் லிவரை ரெண்டுக்கு இழுத்திருக்கிறான், அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் கேட்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியை மலைப்பக்கத்துப் பாறையில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டான். தன் பக்கம் அடி விழும்படிதான் சாத்தியிருக்கிறான், பாறையில் இருந்த தழும்பை நானே போய்ப் பார்த்தேன். முதலாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. காசிமுக்கு வலது முழங்கால் நொறுங்கிப்போனது.

இரண்டு உயிரையும் அவன்தான் காப்பாற்றினான். அதைச் சொல்ல ஊரில் ஒரு வாய் இல்லை. “ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியாதவன்கிட்டக் குடுத்தா இப்படித்தான்” என்றார்கள்.

வண்டி என் பட்டறைக்குத்தான் இழுத்து வரப்பட்டது. நாலாம் நாள் பதினோரு மணி இருக்கும். முதலாளி போன் செய்தார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் இடத்தைப் பார்த்து முடித்துவிட்டார், பத்து நிமிஷத்தில் அங்கே வருகிறோம், காசிமும் வருகிறான் என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நெருக்கடியில் நிதானமாக யோசி என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். வண்டியின் முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது. கேபிளை மாட்டினால் நான் செய்த மாற்றம் அப்படியே தெரியும். தெரிந்தால் இழப்பீடு கிடைக்காது, பாவம் முதலாளிக்கு நட்டம் என்று நினைத்தேன். பட்டறையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் குடும்பம் என்று நினைத்தேன். பார்த்தீர்களா, எவ்வளவு நல்லவனாக யோசித்திருக்கிறேன். என்னைத் தவிர எல்லோருக்காகவும் கவலைப்பட்டேன். காசிமை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்று எழுதுவதும் பொய். அவனைச் சேர்த்தால் மற்றதெல்லாம் நிற்காது என்று தெரிந்துதான் விட்டேன்.

லேப்டாப்பை எடுத்தேன். கம்பெனி போட்டிருந்த பழைய ஃபைலை, மாற்றுவதற்கு முன்பே பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். அதை ஏற்றினேன். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. அது முழுதாகி, நான் கேபிளை உருவி, லேப்டாப்பை மூடும்போது ஆட்டோ வந்து நின்றது. காசிம் காலில் மாவுக்கட்டோடு, இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி இறங்கினான். என் கையையும் லேப்டாப்பையும் ஒரு தடவை பார்த்தான்.

பின்னாலேயே முதலாளியும் சர்வேயரும் வந்தார்கள். சர்வேயர் அலட்டாத மனிதர். வண்டியைச் சுற்றி வந்தார், கருகிப்போன பிரேக் பேடை எடுத்துப் பார்த்தார், பிறகு காசிமிடம் கேட்டார்.

“பிரேக்கிலேயே காலை வெச்சு இறங்கியிருக்கீங்க. இவ்வளவு பெரிய இறக்கத்துல ஏன்பா ரெண்டுல போடலை?”

காசிம் என் பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலை. பெரிய ஆள் பேசட்டும் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் பேசினேன்.

“அவனுக்கு ஆட்டோமேட்டிக் புதுசு சார். எறக்கத்துல ரெண்டுல போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

முதலாளி தொட்டில் கட்டிய கையோடு காசிமை முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்,” என்றான் காசிம். “நான்தான் போடல.”

அவ்வளவுதான். இழப்பீடு வந்தது. என் பட்டறை பிழைத்தது. காசிமை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மலையில் பிரேக்கைக் கோட்டைவிட்டவன் என்று பெயர் வாங்கிய பிறகு போடியில் எவன் சாவியைக் கொடுப்பான்? மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. குரங்கணி மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் அவனைப் பாவம் பார்த்து, எந்த வண்டிக்கு அடுத்த டர்ன் என்று கூப்பிடுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ‘கட்டவண்டி’ என்று கேலி செய்தவர்களின் வண்டிகளை அவன் வரிசைப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். சுற்று வழிதான், ஆனால் பழகிவிட்டது.

என்னிடம் இதே மாற்றத்தைச் செய்துகொண்டு போயிருந்த மற்ற நாலு வண்டிகளையும் ஏதோ சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு, பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

இன்னும் ஒரு சவுக்கடி பாக்கி இருந்தது. அடுத்த வருஷம் மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தது இருபத்தஞ்சு வயது இருக்கிற ஒரு பெண். ஓடுகிற வண்டியில் இன்ஜினுக்குள் எவ்வளவு டீசல் போகிறது என்று திரையில் காட்டினாள். ஒரு இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரைக் குறைத்தாள். இன்ஜின் கத்தியது. திரையில் டீசல் அளவு பூஜ்யம்.

“கத்துதே, குடிக்கலையா?” என்றேன்.

“இல்ல சார். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. டீசல் ஒரு துளி போகாது. இப்ப பாருங்க, மேல் கியர்ல விடுறேன். இன்ஜின் அடங்கிருச்சுல்ல, அணைஞ்சுரக் கூடாதுன்னு இப்பத்தான் டீசல் போகுது.”

திரையில் எண் ஏறியது. அந்தப் பெண்ணுக்கு என் கதை எதுவும் தெரியாது. மற்றவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டோரத்தில் போய் நின்றேன்.

புரிகிறதா தம்பிகளா? கூடுதலாக வந்த மைலேஜ் முழுவதும் முதல் பாதி வேலையில் வந்தது. இறக்கத்தில் நான் செய்த வேலை சொட்டு டீசலைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை, உள்ளபடிக்கு அதிகம்தான் செலவழித்தது. காசிம் ரெண்டில் போட்டிருந்தால் மைலேஜ் ஒரு மயிரளவும் குறைந்திருக்காது. இல்லாத ஒரு மிச்சத்துக்காக அவன் முழங்காலைக் கொடுத்தேன். அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் மூன்று வருஷம் பட்டறை நடத்தி, கண் மங்கிய பிறகு மரியாதையாக மாலை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். அந்த விழாவில் உங்களில் சிலர் கை தட்டினீர்கள்.

போன வாரம் அந்தக் கேள்வியையும் அதற்கு விழுந்த கட்டைவிரல்களையும் பார்த்த மறுநாள் முதலாளி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா அவன நிறுத்தியிருக்க மாட்டேன். இப்பச் சொல்லி என்னய்யா பண்ணச் சொல்ற? மடங்காத காலுக்கு ஸ்டியரிங் குடுக்க முடியுமா?” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அங்கிருந்து ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வருஷக்கணக்கில் போகாத தெரு. காசிம் ஒரு நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், லேப்டாப் உட்பட.

“தெரியும் மாமா,” என்றான்.

“எப்ப இருந்து?”

“அன்னைக்கு லேப்டாப்ப மூடுனீங்கள்ல, அப்ப இருந்து.”

“பெறகு ஏன் மாப்ளே நீ சொல்லல? நான்தான் வேணாம்னு சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு இல்லைன்னாலும் மறுநா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்படியே பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.” ஒரு ஜீப்புக்குக் கையைக் காட்டி முன்னால் வரச் சொன்னான். “இப்ப பட்டறைய மூடிட்டு வந்து சொல்றீங்க. உங்ககிட்ட இருந்து பறிபோறதுக்கு இனிமே ஒண்ணுமில்லல்ல மாமா.”

அவன் கத்தவில்லை, வையவில்லை. அவன் சொன்னதில் மறுக்க ஒரு எழுத்து இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்திருந்தேன், கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் சொல் மாப்ளே என்று மட்டும் கேட்டேன்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“சங்கத்துல பிள்ளைகளுக்கு எழுதித் தரச் சொல்றாங்களாமே. அதுல எழுதுங்க. உங்களப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்கங்க. நான் ரெண்டுல போடவான்னு கேட்டேன்னு எழுதுங்க. டிரைவருக்குத் தெரியாமப் போகலை, கேட்டான்னு எழுதுங்க.”

பிறகு திரும்பி அடுத்த வண்டியின் டர்னைக் கூப்பிட ஆரம்பித்தான்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் தத்துவம் எதுவும் இல்லை. பூட்டைச் சீக்கிரம் விழவையுங்கள், மேல் கியருக்குச் சீக்கிரம் போகவையுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் மைலேஜ் பிடியுங்கள். இறக்கத்தில் வண்டி பிடிக்கிற பிடியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஓட்டுகிறவன் வந்து, வண்டி முன்ன மாதிரி இல்லை என்று சொன்னால், அவனை உட்காரவைத்துக் கேளுங்கள். ஃபைல் வைத்திருக்கிற தம்பி அதை இன்றைக்கே அழித்துவிடட்டும்.

சங்கத் தலைவருக்கு ஒன்று. இதில் எதை வெட்டினாலும் வெட்டுங்கள், கடைசி வரியை வெட்டாதீர்கள்.

லிவரை ரெண்டுல போடவா என்று காசிம் கேட்டான். வேண்டாம் என்று சொன்னது நான்.